கல்லாகத் திரும்பும் சுண்ணாம்பு

பர்துபாயில் 1958 முதல் 2024 ஜனவரி வரை இயங்கிய பழைய கோயிலுக்குச் சென்று வந்த அன்பர்கள், அருகிலுள்ள அல் பஹீதி கோட்டையையும் கண்டிருப்பர். 1787-ஆம் ஆண்டில் எழுந்ததாகக் கூறப்படும் இக்கோட்டை 1971-இல் அருங்காட்சியகம் ஆயிற்று. கடலிலிருந்து எடுத்த பவளக்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தால் இணைத்துக் கட்டிய கோட்டை இது. இன்றைய போர்ட்லண்டு சிமெண்டு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றதே 1824-இல்தான்.

சுண்ணாம்புக்கல், கிளிஞ்சல், பவளம் மூன்றும் அடிப்படையில் ஒரே பொருளே. காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரி சூட்டில் சுட்டால், 100 கிலோ தூய கல்லில் 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதனோடு 18 கிலோ நீர் சேர்ந்தால் 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பு கிடைக்கும். சூட்டில் நீர் ஆவியாவதால், வேலையில் இதைவிட அதிகமாகவே நீர் ஊற்றுவர். நீற்றும்போது அது கொதித்துப் பொங்கும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. சுவரில் பூசிய பின், இழந்த வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லப் பெற்று மீண்டும் கல்லாக இறுகும்.

தமிழகக் கோபுரங்களின் மேல்நிலைகள் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புச் சுதையும் கொண்டவை. நீற்றிய சுண்ணாம்பைப் பல நாள் புளிக்கவிட்டு, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காய் ஊறல் நீரும் வெல்லமும் கலந்து பயன்படுத்துவது முன்னோர் வழக்கம். இதற்குப் பொறுமையும் கைப்பழக்கமும் வேண்டும்.

சிமெண்டு விரைவில் இறுகும், வேலையும் சுலபம். எனவே பழைய சுவர்களிலும் அதைப் பூசிவிடுகின்றனர். கேடு அங்கேதான் தொடங்குகிறது. சுண்ணாம்புச் சுவர் தன் ஈரத்தை வெளியே விடும் இயல்புடையது. சிமெண்டுப் பூச்சு அவ்வழியை அடைத்துவிடும். உள்ளே தங்கிய ஈரமும் உப்பும் பழைய கல்லையும் செங்கல்லையும் அரித்து உதிர்க்கும். உப்புக்காற்று வீசும் வளைகுடாக் கரைக்கும் நம் கடலோர ஊர்க் கோயில்களுக்கும் இது பொருந்தும்.

சொந்த ஊர்க் கோயில் திருப்பணிக்கு இங்கிருந்து பொருளுதவி அனுப்பும் அன்பர்கள் பலர். பழைய சுதையைச் செப்பனிடச் சுண்ணாம்பா, சிமெண்டா என்று திருப்பணிக் குழுவினரை ஒரு வார்த்தை கேட்பதும் அக்கைங்கரியத்தில் சேர்ந்ததேயாகும்.