ரயிலில் ஊதிய ட்ரம்பெட்டும் குழாயில் ஓடும் போலி ரத்தமும்

மூலக்கொத்தளத்துக்காரர்களுக்கு டாப்ளர் விளைவைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பேசின் பிரிட்ஜ் பக்கம் ஹாரன் அடித்துக்கொண்டே வரும் ரயில் நம்மைத் தாண்டியதும் சுருதி இறங்கும். மணிக்கு 40 கி.மீ. வேகம் போதும், கீபோர்டில் பக்கத்துக் கட்டைக்கு இறங்கிவிடும். இதே விஷயத்தை வைத்துத்தான் உடம்புக்குள் ரத்தம் ஓடும் வேகத்தையும் அளக்கிறார்கள். ஆனால் மெஷின் சொல்லும் வேகம் சரிதான் என்று எப்படித் தெரியும்? இந்தக் கருவியின் வரலாறே அந்தக் கேள்விதான் என்பது என் கட்சி.

கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் பிராக் நகரில் வாசித்த கட்டுரை இரட்டை நட்சத்திரங்களின் நிறம் பற்றியது. (நிறத்துக்கு அவர் சொன்ன காரணம் தப்பு, அடிப்படைத் தத்துவம் சரி!) அதை நம்பாத பைஸ் பாலட் 1845இல் ஹாலந்தின் உட்ரெக்ட் அருகே ட்ரம்பெட் வாசிப்பவர்களை ரயிலில் ஏற்றி ஓடவிட்டார். தண்டவாளத்து ஓரம் நின்ற இசைக்கலைஞர்கள் சுருதியைக் கேட்டுச் சொன்னார்கள். மறுக்கப் போனவர், ஒலியைப் பொறுத்தவரை டாப்ளர் சொன்னது சரி என்று நிரூபித்துவிட்டு வந்தார். நம்ம ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் ஓட ஆரம்பித்தது 1856இல்தான். அதாவது இங்கே ரயில் வருவதற்கு 11 வருடம் முன்பே அங்கே ரயிலை வைத்துப் பரிசோதனை! இதில் முக்கியமானது, ரயிலின் வேகத்தைத் தனியாகத் தெரிந்துகொள்ள முடியும் என்பது.

ரத்தத்துக்கு அப்படி இல்லை. ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் ஷிகெயோ சதோமுரா 1950களில் அல்ட்ராசவுண்டை முதலில் இதயத்தின் மீதும், பிறகு ரத்தக் குழாய்களின் மீதும் செலுத்தினார். சத்தம் வந்தது. ஆனால் அதை எதிரொலிப்பது எது? ரத்தத்தின் சுழற்சி என்று நினைத்தார். 1960இல் இளவயதிலேயே இறந்துவிட்டார். உண்மையில் எதிரொலிப்பவை சிவப்பணுக்கள் என்பது பிறகுதான் தெளிவானது.

இங்கேதான் ஃபேன்டம் வருகிறது. ராணி காமிக்ஸ் மாயாவி இல்லைங்க, பரிசோதனைக்கூடத்துப் போலி உடம்பு! அகர் ஜெல்லுக்குள் ஒரு குழாய், ஒரு பம்ப், கிளிசரின் கலந்த தண்ணீர். வெறும் தண்ணீரை ஓடவிட்டால் ஒன்றும் கேட்காது, எதிரொலிக்க அதில் எதுவுமே இல்லையே. அதனால் சிவப்பணுக்களுக்குப் பதிலாக நைலான் பொடியைக் கலக்கிறார்கள். இப்போது வேகத்தை அறிய மெஷின் வேண்டாம், அளவு ஜாடியும் ஸ்டாப் வாட்சும் போதும். 8 மி.மீ. குழாயிலிருந்து அரை நிமிடத்தில் 300 மி.லி. சேர்ந்தால் சராசரி வேகம் நொடிக்கு சுமார் 20 செ.மீ. ஓட்டம் சீராக இருந்தால் நடுவில் அதைப்போல் இரண்டு மடங்கு, குழாயின் ஓரத்தில் பூஜ்யம். (இதைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான புவாஸெய் ஒரு டாக்டர்!) இந்த எண்ணோடு மெஷின் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டியதுதான். குழாய் 60 டிகிரி சாய்வில் இருக்கும்போது 65 என்று மெஷினுக்குச் சொல்லிப் பாருங்கள், வேகத்தை 18 சதவீதம் கூட்டிக் காட்டும். இப்படிப்பட்ட சோதனைக் குழாய்களுக்கென்றே 2001இல் ஐ.ஈ.சி. 61685 என்ற சர்வதேசத் தரம் வந்தது.

இவ்வளவு கெடுபிடி ஏன்? 1977இல் டப்ளினில் ஃபிட்ஸ்ஜெரால்டும் ட்ரம்மும் தொப்புள்கொடி ரத்த ஓட்டத்தை டாப்ளரில் கேட்டார்கள். அதன்பின் அது பிரசவ மருத்துவத்தின் முக்கியப் பரிசோதனையானது. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற பிரசவ ஆஸ்பத்திரிகளில் தெரியும், குழந்தையின் இதயம் ஓய்வெடுக்கும் நொடியில் அந்த ஓட்டம் நின்றுபோனால் ஆபத்து என்று. ஆனால் மெஷினில் ஒரு ஃபில்டர் உண்டு. குழாய்ச் சுவர் அசைவதால் வரும் இரைச்சலை நீக்க, தாழ்ந்த சுருதிகளையெல்லாம் அது வெட்டிவிடும். மெதுவாக ஓடும் ரத்தத்தின் சத்தமும் அதில் சேர்ந்து போகலாம். திரையில் 'ஓட்டம் இல்லை'; உள்ளே ஓட்டம் இருக்கும். இதைப் பிடிக்க ஃபேன்டத்தின் பம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருவார்கள். சத்தம் மறையும் இடத்தில் நிறுத்தி, ஜாடியில் விழும் தண்ணீரை அளந்து, அந்த வேகத்தைக் குறித்துக்கொள்வார்கள். அதற்குக் கீழே அந்த மெஷினுக்குக் காது கேட்காது.