விடுமுறைக் காலமும் மன அமைதியும்

நவம்பர் 27இல் விளக்கேற்றிய கையோடு நத்தார் வந்துவிடுகிறது. அதற்கு மறுநாள், 2004இல் ஆழிப்பேரலை எங்கள் கரையோர ஊர்களை அள்ளிச் சென்ற டிசம்பர் 26. ஊரே கொண்டாடும் வாரத்தில் எங்களில் பலருக்குத் துக்கமும் சேர்ந்தே வருகிறது. அதைச் சிரிப்பால் மூடத் தேவையில்லை. அன்று வீட்டில் ஒரு விளக்கேற்றி, இழந்தவர்களின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம்.

இருட்டும் ஒரு காரணம். டிசம்பர் 21 அளவில் லண்டனில் பின்னேரம் 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஒஸ்லோவில் பகல் 6 மணித்தியாலத்துக்கும் குறைவு. வெளிச்சக் குறைவு உறக்கத்தையும் மனநிலையையும் குழப்பும். மதியத்துக்கு முன் அரைமணி நேரமாவது வெளியே நடப்பது நல்லது.

பெரிய நெருக்கடி காசு. ஊருக்கு அனுப்புவது, சீட்டுக்காசு, பரிசுகள், விருந்து எல்லாம் ஒரே சம்பளத்தில் விழும். இயன்ற தொகையைக் குடும்பமாக இருந்து முன்கூட்டியே எழுதிவைத்து, ஊரில் உள்ளவர்களுக்கும் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவோம். கடனட்டையில் கொடுத்த பரிசுக்கு மாசி வரை வட்டி கட்ட வேண்டிவரும். எல்லா அழைப்புக்கும் போகவேண்டும் என்றும் இல்லை.

தனித்திருக்கும் முதியவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுப்போம். தாங்க முடியாத வேளையில் பிரித்தானியாவில் 116 123, கனடாவில் 988 ஆகிய இலக்கங்களை எந்நேரமும் அழைக்கலாம்.

தைப்பொங்கல் வரும்போது பகலும் நீளத் தொடங்கியிருக்கும். கொண்டாட்டத்தில் பாதியை அதற்கு மிச்சம் வைப்போம்.