அம்பாசிடரில் பெட்ரோல் லைன் அடைப்பு

டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை பெட்ரோல் செல்லும் பாதையில் துரு, கசடு, நீர், சிதைந்த ரப்பர் ஆகியவை சேர்ந்து உண்டாக்கும் தடை. நெடுநாள் ஓடாமல் நின்ற பழைய கார்களில் மிகுதி. அம்பாசிடர் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரானது. உற்பத்தி 2014-இல் நின்றது. 

மெதுவாக ஓட்டும்போது வண்டி ஒழுங்காக ஓடும். வேகமெடுத்தாலோ மேடேறினாலோ ஜர்க் அடித்து நிற்கும். சற்றுப் பொறுத்தால் மீண்டும் கிளம்பும். குறுகிய வழியில் கசிந்துவரும் பெட்ரோல் அதற்குள் கார்புரேட்டரின் மிதவை அறையை நிரப்பிவிடுவதே காரணம். வெயிலில் பெட்ரோல் ஆவியாகிப் பம்பை முடக்கும்போதும், சூடேறிய இக்னிஷன் காயில் பழுதாகும்போதும் வண்டி இப்படித்தான் நிற்கும். பம்பின்மேல் ஈரத்துணி போட்டதும் கிளம்பினால் அது பெரும்பாலும் ஆவிக்கோளாறு. டேங்க் மூடியைத் திறக்கையில் காற்று உள்ளே இழுக்கும் ஓசை கேட்டு, பிறகு வண்டி சரியாக ஓடினால் மூடியின் காற்றுத்துளையே அடைந்திருக்கிறது. லைனைக் கழற்றுமுன் இதைப் பார்க்காதவர் வீண்வேலை செய்கிறார்.

அடுத்து, கார்புரேட்டரில் சேரும் குழாயைக் கழற்றிப் பாட்டிலில் விட்டு, காயில் வயரை எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். பெட்ரோல் விட்டுவிட்டுப் பலமாகப் பீய்ச்சினால் கோளாறு மிதவை ஊசியிலோ ஜெட்டிலோதான். பீய்ச்சாவிட்டால் பம்பின் உறிஞ்சுகுழாயைத் தனிக் கேனில் விட்டுப் பார்க்கலாம். அப்போது வந்தால் அடைப்பு டேங்க் பக்கம், வராவிட்டால் பம்பில்.

லைனின் இரு முனைகளையும் கழற்றி, பம்ப் முனையிலிருந்து டேங்க் திசையில் ஏர் அடிக்க வேண்டும். பம்போடு சேர்த்து அடித்தால் டயஃப்ரம் கிழியும். ஜெட்டைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிப் பெட்ரோல் செலவு கூடும். வெளியே நன்றாகத் தெரியும் ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பிக் குறுகியிருக்கக்கூடும். ஐயமிருந்தால் மாற்றிவிடுவதே மேல். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை இளக்கும், டேங்கில் ஒட்டிய கசடையும் பெயர்க்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ்தான் இன்று வாங்கத்தக்கது.

ஸ்டார்ட்டர் சோதனை முடிந்ததும், லைனைக் கழற்றுமுன் பேட்டரி இணைப்பை எடுக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பட்டறைப் பள்ளத்தில் தேங்கும். காலி டேங்க் என்று வெல்டிங் வைப்பது உயிருக்கே ஆபத்து.

துருப்பிடித்த டேங்கைக் கழுவாமல் ஃபில்டரை மட்டும் மாற்றினால் அடைப்பு சில வாரங்களிலேயே திரும்பிவிடும்.