வண்டியின் நிறமும் ஒரு வரலாற்றுச் சான்றுதான்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடிந்தபின் பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் ஒருநாள் காலையில் என் பழைய மாணவன் ஒருவன் சிதம்பரத்திலிருந்து போன் செய்தான். "டீச்சர், செகண்ட் ஹேண்ட்ல ஒரு கார் பாக்குறேன். அம்மாவ மாசம் ரெண்டு தடவ பாண்டிச்சேரி ஜிப்மருக்கு அழைச்சிக்கிட்டுப் போகணும். பஸ்ல ஏறி எறங்க அவங்களால முடியல. கையில ரெண்டே கால் லட்சம்தான் இருக்கு. என்ன கலர் வாங்கலாம் டீச்சர்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ஜினைப் பத்திக் கேக்காம கலரைக் கேக்குறியே தம்பி" என்றேன். "என்ஜினை மெக்கானிக் பாத்துக்குவாரு டீச்சர். வீட்டுல சண்டையே கலர்லதான்" என்றான். அம்மாவுக்குக் கறுப்பு ஆகாது. மச்சானுக்கு வெள்ளைதான் வேண்டும், திரும்ப விற்கும்போது விலை போகுமாம். மனைவிக்குச் சிவப்பு பிடிக்கும். இரண்டு வண்டிகள் பார்த்து வைத்திருந்தான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பளபளக்கும் வெள்ளை, 2,40,000 ரூபாய். சிதம்பரத்தில் வெயிலில் வெளுத்துப்போன ஒரு சிவப்பு, 2,05,000 ரூபாய். வெள்ளைக்காகக் கூடுதலாகக் கடன் வாங்கவும் தயாராக இருந்தான்.

"நாளைக்கு நானும் கூட வர்றேன், அதுவரை முன்பணம் கொடுக்காதே" என்று சொல்லி போனை வைத்தேன். அன்று இரவு முழுவதும் யோசனை. கார் வாங்குகிறவர் நிறத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற பழக்கமே எப்போது வந்தது? சமூக அறிவியல் சொல்லிக்கொடுத்த புத்தி சும்மா இருக்குமா!

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் 1908-இல் வந்தது. முதலில் பச்சை, சிவப்பு, சாம்பல் என்று சில நிறங்களில் கிடைத்தது. பிறகு தொழிற்சாலையில் நகரும் உற்பத்தி வரிசை வந்தது. ஒரு காரைக் கோர்க்கப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது, சுமார் ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. அந்த வேகத்துக்கு நிறம் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருக்க முடியாது. விலை குறைவாகவும் உறுதியாகவும் இருந்த கறுப்புப் பூச்சு ஒன்றையே 1914 முதல் 1925 வரை எல்லா வண்டிக்கும் அடித்தார்கள். அப்போது நிறத்தை முடிவு செய்தது தொழிற்சாலை, வாங்குகிறவர் அல்ல.

அந்தக் காலத்து வார்னிஷ் காய வாரக்கணக்கில் ஆகும். 1920-களில் டியூபான்ட் நிறுவனம் டியூக்கோ என்ற பெயின்டைக் கொண்டுவந்தது. அது சில மணி நேரத்தில் காய்ந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அதை வைத்து 1924 மாடல் ஓக்லேண்ட் கார்களை நீல நிறத்தில் விற்றது. நிறத்தைக் காட்டி வண்டி விற்கும் போட்டி சூடு பிடித்தது. ஃபோர்டும் கறுப்பு மட்டும் என்ற பிடிவாதத்தைக் கைவிட வேண்டியதாயிற்று.

நிறம் என்ற பேச்சில் நம் மண்ணை விட்டுவிட முடியாது. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் 19-ஆம் நூற்றாண்டில் அவுரிச் செடி நிறையப் பயிரானது. அதிலிருந்து எடுக்கும் நீலச் சாயத்துக்கு உலகம் முழுவதும் கிராக்கி. பக்கத்துப் புதுச்சேரியிலிருந்து நீலச் சாயத் துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. 1897-இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அவுரி விவசாயம் படுத்துவிட்டது. அதே நிறுவனம் பிற்காலத்தில் கார் பெயின்ட் தயாரிப்பிலும் பெரிய ஆளாக விளங்கியது. வயலில் விளைந்த நிறம் ஆய்வுக்கூடத்துக்குப் போய், அங்கிருந்து கார் கதவில் ஏறிய கதை இது.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். நான் சிறுமியாக இருந்தபோது ஊரில் தென்படும் கார்கள் மூன்றே வகை. கொல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் செய்த அம்பாசிடர், பம்பாயில் செய்த ஃபியட், நம் சென்னையிலேயே செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. புதுக்கார் வேண்டுமென்றால் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்தவரிடம் "இந்த நிறம்தான் வந்திருக்கிறது" என்றால் வேண்டாம் என்றா சொல்வார்?

அம்பாசிடர் வெள்ளை அதிகாரத்தின் நிறமானதும் அந்தக் காலத்தில்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பள்ளிக்கூட வாசலில் வெள்ளை அம்பாசிடர் ஒன்று வந்து நின்றால் போதும், தலைமையாசிரியர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு ஓடுவார். வந்தவர் யார் என்று பிறகுதான் தெரியும். "வெள்ளைக் கார்தான் மரியாதை" என்று இன்றைக்கும் பெரியவர்கள் சொல்வதில் அந்தப் பழைய பயபக்தி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றே நினைக்கிறேன். 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி அம்மையார் முதல் மாருதி 800-இன் சாவியை வழங்கினார். அதற்குப் பிறகுதான் நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்கள் கார் நிறத்தைப் பற்றிச் சண்டை போடும் நிலைக்கு வந்தன!

சட்டமும் நிறத்தில் தலையிடுகிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி ராணுவத்தின் ஆலிவ் பச்சை நிறத்தை மற்ற வண்டிகளுக்கு அடிக்கக் கூடாது. பள்ளிப் பேருந்தின் மஞ்சளுக்கு ஓர் ஆசிரியர் காரணம் என்பதில் எனக்குத் தனிப் பெருமை. 1939-இல் நியூயார்க்கில் பேராசிரியர் ஃபிராங்க் சைர் கூட்டிய மாநாட்டில்தான் அமெரிக்கப் பள்ளிப் பேருந்துகளுக்கு மஞ்சளை முடிவு செய்தார்கள். விடியற்காலை மங்கல் வெளிச்சத்திலும் மஞ்சள்மேல் கறுப்பு எழுத்து நன்றாகத் தெரியும் என்பது காரணம். நம் ஊர்ப் பிள்ளைகளும் இன்று மஞ்சள் வண்டியில்தான் போகிறார்கள்.

மச்சான் வெள்ளை கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 2011-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் ஒரே மாதிரியான இரண்டு கார்களை, ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளி நிறம், வெயிலில் நிறுத்திப் பார்த்தார்கள். வெள்ளி நிறக் காரின் உட்புறம் 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பகல் நேரத்தில் வெள்ளைக் கார்களைவிடக் கறுப்புக் கார்களுக்கு விபத்து வாய்ப்பு 12 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. நம் கத்திரி வெயிலுக்கு வெளிர் நிறம் நல்லதுதான். புதுக்கார் வாங்குகிறவர்கள் இதைத் தாராளமாக யோசிக்கலாம்.

பழைய காருக்குக் கணக்கு வேறு. அதை நாங்கள் பணத்தைத் தொலைத்துத்தான் கற்றுக்கொண்டோம். இதுவரை இதை வெளியில் சொன்னதில்லை, வெட்கம்தான் காரணம். 2016-இல் எங்கள் வீட்டுக்காரரின் ஓய்வுப் பணத்தில் ஒரு வெள்ளைக் கார் வாங்கினோம். புதுசு போல் மின்னியது. பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது, "இதையே எடுத்துடுங்க" என்று அவசரப்படுத்தியவளும் நான்தான். மூன்றே மாதத்தில் வயரிங் ஒவ்வொன்றாகப் போனது. மெக்கானிக் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துக் காட்டினார். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை. 2015 மழை வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்து எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். முக்கால்வாசிப் பணம் போயிற்று. எங்கள் வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மறுநாள் மாணவனோடு மஞ்சக்குப்பம் போனேன். வெள்ளைக் கார் கண்ணைப் பறித்தது. "கதவு ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் தூக்கிப் பாரு தம்பி" என்றேன். அடியில் சில்வர் நிறம் எட்டிப் பார்த்தது. பானட்டைத் திறந்தால், ஓரத்துப் போல்ட்டுகளில் ஸ்பானர் பட்டுப் பெயின்ட் உரிந்திருந்தது. ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தோம். நிறம் என்ற இடத்தில் சில்வர் என்றே இருந்தது. விற்பவரிடம் கேட்டேன். "சும்மா டச்சப் பண்ணோம்மா" என்றார். முழு வண்டியையும் எதற்காக டச்சப் செய்தீர்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அந்த வண்டிக்கு என்ன நேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் காரணம் சொல்ல முடியாத பூச்சுக்கு நாம் ஏன் 2,40,000 ரூபாய் கொடுக்க வேண்டும்?

கோயில் சுவர்களில் சுண்ணாம்பு அடித்து மறைத்த கல்வெட்டுகளைப் பற்றி வகுப்பில் சொன்னது நினைவிருக்கிறதா? சுண்ணாம்பைச் சுரண்டினால்தான் யார், எப்போது, எவ்வளவு நிலம் கொடுத்தார் என்று தெரியும். பழைய காரின் நிறமும் அப்படித்தான். எந்த நிறம் என்பதைவிட, அது பிறந்த நிறம்தானா என்று பாருங்கள்.

அங்கிருந்து நேராகச் சிதம்பரம் போய்ச் சிவப்பைப் பார்த்தோம். கூரையும் பானட்டும் செங்கல் நிறத்துக்கு வெளுத்திருந்தன. ஆனால் பீடிங்குக்கு அடியில், டிக்கிக்குள், கதவின் உள் ஓரத்தில் எங்கும் அதே சிவப்பு. ஆர்.சி.யிலும் சிவப்பு. சீட் பெல்ட் சுத்தம். மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு, கிளட்ச் பிளேட் மட்டும் மாற்ற வேண்டும் என்றார். நிறம் மங்கியதைச் சொல்லியே பேரம் பேசி 1,95,000 ரூபாய்க்கு முடித்தோம். கடன் வாங்க வேண்டிய அவசியமே இல்லாமல், கிளட்ச் செலவுக்கும் கையில் பணம் நின்றது. அவன் அம்மா வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "குங்குமக் கலரு, தில்லைக் காளி நிறம்தான்" என்று சொல்லிச் சண்டையை முடித்துவைத்தார்கள்!

பிள்ளைகளே, பழைய கார் பார்க்கப் போனால் பகல் வெளிச்சத்தில் போங்கள். மழையில் நனைந்த வண்டியையும் இரவு விளக்கில் மின்னும் வண்டியையும் நம்பாதீர்கள். கதவுக்குக் கதவு நிறம் மாறுகிறதா என்று சாய்ந்து நின்று பாருங்கள். துணியில் சுற்றிய சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். இரும்புத் தகட்டில் ஓரிடத்தில் மட்டும் ஒட்டாவிட்டால் அடியில் பட்டி கனமாகப் பூசியிருக்கலாம். பம்பர் பிளாஸ்டிக், அங்கே ஒட்டாது, பயந்துவிடாதீர்கள். சின்னக் கீறலுக்கு ஒரு கதவில் பெயின்ட் அடித்திருந்தால் அது குற்றமில்லை, காரணத்தைக் கேட்டு, பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும். நிறத்தையே மாற்றியிருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யிலும் மாற்றியிருக்க வேண்டும். முக்கியமாக, ஒரு பார்வையில் மனதைப் பறிகொடுத்துவிட்டு, "இதையே எடுத்துடுங்க" என்று சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லிக் கெட்டது போதும்.

நேற்று அந்த மாணவன் ஒரு படம் அனுப்பியிருந்தான். சிவப்புக் காரின் முன் சீட்டில் அவன் அம்மா, மடியில் மருந்துப் பை, முகத்தில் சிரிப்பு. எங்கள் வீட்டுக்காரரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நல்ல வண்டி" என்றார்.

உங்கள் வீட்டுக்கு வந்த முதல் வண்டி என்ன நிறம்? சைக்கிளாக இருந்தாலும் சரி, கீழே எழுதுங்கள், படிக்க ஆசையாக இருக்கிறேன். எல்லோரும் பத்திரமாகப் போய் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்