ஏரிக்குள் முளைக்கும் பொய்க் கட்டடம்: ரேடார் படமும் ஆன்டெனாவும்

தேர்வாய் கண்டிகைக்கு வடகிழக்கே, பழவேற்காடு ஏரியைத் தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா. 2025 ஜூலை 30 மாலை அங்கிருந்து நிசார் செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது. இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து உருவாக்கிய இதில் படம் எடுப்பது கேமரா அல்ல, ரேடார். ரேடியோ அலைகளைத் தரைக்கு அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியைக் கொண்டு படம் வரைகிறது. இருட்டும் மேகமும் இதற்குத் தடையில்லை. வடகிழக்குப் பருவமழையில் வாரக்கணக்கில் வானம் மூடிக்கிடக்கும் திருவள்ளூர் மாவட்டத்தில், ஏரிகளின் நீர்ப்பரப்பை அளக்க இதைவிடப் பொருத்தமான கண் வேறு இல்லை.

ஆனால் அந்தக் கண் சில சமயம் பொய் சொல்லும்.

2020 நவம்பரில் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை – தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையின் குடிநீருக்காக அரை டி.எம்.சி. தண்ணீர் தேக்கும் இடம். அசையாத தண்ணீர் கண்ணாடிபோல அலையை வேறு பக்கம் திருப்பிவிடும். படத்தில் கறுப்பாகத் தெரியும். அருகிலுள்ள சிப்காட் தொழிற்சாலைகளின் தகரக் கூரைகளோ பளிச்சென்று மின்னும். அந்த வெளிச்சத்தின் மங்கலான நிழல், சில கிலோமீட்டர் தள்ளி, கறுப்பான தண்ணீரின் மேல் விழுந்துவிடலாம். கணினி அதைக் கரை என்று எண்ணினால் நீர்ப்பரப்புக் கணக்கே தவறிவிடும்.

குறை ஆன்டெனாவில் இருக்கிறது. டார்ச் விளக்கில் நடு வெளிச்சத்தைச் சுற்றி மங்கலான வளையங்கள் தெரியுமே, அதுபோல எந்த ஆன்டெனாவுக்கும் நடுக்கற்றையோடு பக்கக் கற்றைகளும் உண்டு. அவற்றின் வழியே நுழையும் எதிரொலியை நடுக்கற்றையில் வந்ததாகவே கருவி எடுத்துக்கொள்கிறது. ஆன்டெனாவின் ஓரங்களுக்குக் குறைந்த சக்தி கொடுத்தால் பக்கக் கற்றைகள் அடங்கும். ஆனால் நடுக்கற்றை அகன்று, கூர்மை குறையும். வடிவமைப்பாளரின் பாதி வேலை இந்தப் பேரம்தான்.

இன்னொரு இழுபறியும் உண்டு. பெரிய ஆன்டெனாவின் கற்றை குறுகலானது. மெல்லிய எதிரொலியையும் பிடிக்கும். ஆனால் குறுகிய பட்டையைத்தான் பார்க்கும். அகலமாகப் பார்க்கச் சிறிய ஆன்டெனா வைத்தால் எதிரொலி பலவீனமாகும், பொய் உருவங்களும் பெருகும். 2012இல் ஏவப்பட்ட ரிசாட்-1, கற்றையை மின்னணு முறையில் பட்டை பட்டையாக நகர்த்தி அகலத்தைக் கூட்டியது. அதற்கு விலை, படத்தின் கூர்மை.

நிசார் வேறு வழியில் போகிறது. 12 மீட்டர் அகல வலைத்தட்டு விண்ணில் குடைபோல விரிந்தது. அலையை அனுப்பும்போது தட்டின் முன்னுள்ள சிறு ஆன்டெனாக்கள் எல்லாம் ஒன்றாக இயங்குவதால் அகன்ற கற்றை கிடைக்கிறது. எதிரொலியோ அருகிலுள்ள தரையிலிருந்து முதலில், தொலைவிலிருந்து பிறகு என்று வரிசையாக வரும். அந்த வரிசையிலேயே சிறு ஆன்டெனாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கின்றன. ஒவ்வொன்றுக்கும் முழுத் தட்டும் துணை நிற்பதால், கேட்கும் கற்றை குறுகலாகவும் கூர்மையாகவும் இருக்கிறது. 240 கிலோமீட்டர் அகலப் பட்டை, 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதை: இது கைகூடியது இப்படித்தான்.

விண்ணுக்குப் போன பிறகு கற்றையின் வடிவம் மாறாமல் இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? ரேடார் செயற்கைக்கோள்கள் பலவற்றுக்கும் அமேசான் காடுதான் உரைகல். பெரும் பரப்பில் ஏறக்குறைய ஒரே அளவு எதிரொலி தரும் இடம் அது. படத்தில் ஒளி ஏறி இறங்கினால், காரணம் காட்டில் இல்லை, கற்றையில்.