அண்டுலேட்டர்களில் உயர் வெப்பநிலை மீக்கடத்திகள்

அண்டுலேட்டர் என்பது, ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் செல்லும் எலக்ட்ரான் கற்றையை மாறிமாறி எதிரெதிர்த் திசையில் அமைந்த காந்தப்புலங்களின் ஊடே செலுத்திப் பக்கவாட்டில் நெளியச் செய்து, அந்த நெளிவிலிருந்து செறிவான எக்ஸ் கதிர்களைப் பெறும் சாதனமாகும். இதன் கருத்தை சோவியத் இயற்பியலாளர் விட்டாலி கின்ஸ்பர்க் 1947இல் முன்வைத்தார். 1950களின் தொடக்கத்தில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் மோட்ஸ் அதைச் செய்துகாட்டினார். புலத்தின் திசை ஒருமுறை மாறி மீண்டும் பழைய நிலைக்கு வரும் தொலைவு மீள்நீளம் எனப்படும். வெளிப்படும் கதிரின் அலைநீளம் மீள்நீளத்துக்கு நேர்விகிதத்திலும் எலக்ட்ரான் ஆற்றலின் இருமடிக்கு எதிர்விகிதத்திலும் அமைவதால், மீள்நீளத்தைக் குறைத்தால் பெரிய முடுக்கி கட்டாமலேயே குறுகிய அலைநீளக் கதிர் கிடைக்கும். ஆனால் துருவங்கள் நெருங்க நெருங்க அவற்றின் எதிர்ப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, கற்றை செல்லும் நடு அச்சில் புலம் விரைவாகச் சரிந்துவிடுகிறது. புலமும் மீள்நீளமும் சேர்ந்து தீர்மானிக்கும் ‘கே’ என்ற எண் ஒன்றைவிட மிகவும் குறைந்துபோனால் அடிப்படை அலைநீளத்தின் உட்பெருக்கக் கதிர்கள் வலுவிழந்து, கதிரின் அலைநீளத்தை விருப்பப்படி மாற்றும் வாய்ப்பும் சுருங்கிவிடும்.

நியோடிமியம், இரும்பு, போரான் கலந்த நிலைக்காந்தங்களே, அண்டுலேட்டர் கொண்ட பெரும்பாலான எக்ஸ் கதிர் ஒளிமூலங்களில் இன்றும் பயன்படுகின்றன. அவற்றைக் குளிரூட்டியும் வெற்றிடக் குழாய்க்குள்ளேயே பொருத்தியும் ஓரளவு முன்னேற முடிந்தது. நியோபியம்-டைட்டானியக் கம்பியாலான மீக்கடத்திச் சுருள்கள் அதைத் தாண்டின. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் அத்தகைய அண்டுலேட்டர் 2013 முதல் இயங்கியது. எனினும் அக்கம்பியின் மாறுநிலை வெப்பநிலை, அதாவது மின்தடையற்ற தன்மை மறையும் வெப்பநிலை, சுமார் 9 கெல்வின் மட்டுமே என்பதால், கற்றையிலிருந்து வரும் சிறு வெப்பமும் அதைக் குலைக்கக்கூடும்.

1986இல் பெட்னோர்ஸும் முல்லரும் தொடங்கிவைத்த தாமிர ஆக்சைடு மீக்கடத்திகளில், அருமண் தனிமமும் பேரியமும் சேர்ந்த வகை 90 கெல்வினுக்கு மேலும் மீக்கடத்துகிறது. நீர்ம நைட்ரஜனில் இயங்குவதே இப்பொருட்களின் புகழுக்குக் காரணம். அண்டுலேட்டருக்கோ அந்தப் புகழால் பெரிய பயனில்லை. நீர்ம நைட்ரஜனின் வெப்பநிலையான 77 கெல்வினில் இவை தாங்கும் மின்னோட்ட அடர்த்தி போதாது. அதே பொருளை 10 கெல்வினுக்குக் குளிர்வித்தால் வலிய புலத்திலும் மிகுதியான மின்னோட்டத்தைத் தாங்கும். மாறுநிலை வெப்பநிலை வெகு தொலைவில் இருப்பதால் திடீர் வெப்பத்துக்கும் எளிதில் நிலைகுலையாது.

இப்பொருளைப் பயன்படுத்தும் வழிகளில் ஒன்று, நாடாவாகச் செய்து சுருளாகச் சுற்றுவது. சுற்றுகளுக்கு இடையே மின்காப்பு வைக்காமல் விட்டால், ஓரிடம் பழுதானாலும் மின்னோட்டம் பக்கத்துச் சுற்றுக்குத் தாவிச் சுருளைக் காக்கும். அதற்கு ஈடாகப் புலம் ஏறுவதற்கு நேரம் பிடிக்கும்.

இதைவிடத் துணிவானது, கியோட்டோ பல்கலைக்கழகத்தில் உருப்பெற்று சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தில் வளர்ந்த மாற்றடுக்கு முறை. இதில் மீக்கடத்திக்கு மின்கம்பி இணைப்பே கிடையாது. கடோலினியம் கலந்த பீங்கான் போன்ற மீக்கடத்தித் தட்டுகள் அரைநிலா வடிவில் வெட்டப்பட்டு, கற்றைப் பாதைக்கு மேலும் கீழும் மாறிமாறி அடுக்கப்படுகின்றன. அடுக்கைச் சூழ்ந்த பெரிய வரிச்சுருள் அச்சின் திசையில் சீரான புலத்தை எழுப்ப, அந்தப் புலத்திலேயே தட்டுகள் குளிர்விக்கப்படுகின்றன. பிறகு வரிச்சுருளின் மின்னோட்டம் மெல்லக் குறைக்கப்படும்போது, விலகப் பார்க்கும் காந்தப்பாயத்தைப் படிகத்தின் நுண்குறைகள் பிடித்து நிறுத்துகின்றன. தட்டுகளுக்குள் தூண்டப்படும் மின்னோட்டம் தடையின்றிச் சுழன்றுகொண்டிருக்கிறது. தட்டுகள் மேலும் கீழும் மாறி நிற்பதால், சீரான அச்சுப் புலம் நெளிவூட்டும் குறுக்குப் புலமாக மாறிவிடுகிறது.

அந்நிறுவனம் பங்கேற்ற ஆய்வொன்றில் 20 தட்டுகள் கொண்ட மாதிரி, 10 மில்லிமீட்டர் மீள்நீளத்திலும் 4 மில்லிமீட்டர் இடைவெளியிலும், 10 கெல்வினில் 2.1 டெஸ்லா புலம் தந்ததாக 2023இல் வெளியிடப்பட்டது. அந்த அளவுகளுக்கு அதுவரை பதிவானவற்றில் அதுவே உச்சம். ‘கே’ எண் கிட்டத்தட்ட 2 வரை எட்டுகிறது. பீங்கான் இழுவிசையில் எளிதில் வெடிக்கும் என்பதால், ஒவ்வொரு தட்டும் ஆக்சிஜன் நீக்கிய செம்பு வளையத்துக்குள் இறுகப் பொருத்தப்பட்டது. செம்பு தட்டை அழுத்திப் பிடிப்பதோடு வெப்பத்தையும் கடத்திச் செல்கிறது. சுவிஸ் ஒளிமூலத்தின் மேம்படுத்திய வளையத்தில் ஐ-டாம்கேட் எனும் ஆய்வுநிலையத்துக்காக ஒரு மீட்டர் நீளச் சாதனம் திட்டமிடப்பட்டது.

வலிமையைவிடச் சீர்மையே இம்முறைக்குக் கடினமான சோதனை. உருக்கிய கலவையின் மேல் வித்துப்படிகம் வைத்து மிக மெதுவாக வளர்க்கப்படும் இத்தட்டுகளில் எந்த இரண்டும் ஒரே மின்னோட்டத்தைத் தாங்குவதில்லை. ஒரு தட்டு தளர்ந்தாலும் எலக்ட்ரானின் நெளிவும் கதிரின் கட்டமும் ஒத்துப்போகாமல் உட்பெருக்கக் கதிர்கள் மங்கிவிடும். ஆகவே தட்டுகளை அளந்து வரிசைப்படுத்துவதும், இடையிலுள்ள கோபால்ட்-இரும்புத் துருவங்களைச் சரிசெய்வதும் தேவைப்படுகின்றன. சிறைப்பட்ட காந்தப்பாயம் காலப்போக்கில் சிறிதுசிறிதாக நழுவும் தன்மையும் உண்டு. காந்தமூட்டிய பின் இன்னும் சற்றுக் குளிர்வித்தால் அந்த நழுவல் பெரிதும் அடங்கும். நிலைக்காந்த அண்டுலேட்டரில் இடைவெளியைக் கூட்டிக் குறைத்து உடனுக்குடன் அலைநீளத்தை மாற்றலாம். இங்கோ குறைந்த புலத்தை முழு அளவுக்கு மீட்க வேண்டுமானால், அடுக்கு முழுவதையும் மாறுநிலை வெப்பநிலைக்கு மேல் சூடேற்றி, காந்தமூட்டலை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.