துண்டும் தவணையும்: ஊவாத் தோட்டங்களில் கடனின் கதை



சென்ற ஆண்டு பதுளையில் ஒரு நண்பரைக் காணச் சென்றிருந்தபோது, பழைய வாகனங்களை வாங்கி விற்கும் இடமொன்றில் சிறிது நேரம் காத்திருக்க நேர்ந்தது. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து இளைஞர் ஒருவர் தம் தாயாருடன் வந்திருந்தார். சிறிய கார் ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார், கதவைத் திறந்தார், மூடினார். விலையை அவர் கேட்கவில்லை. "முற்பணம் எவ்வளவு அண்ணே?" என்றுதான் கேட்டார். விற்பவரும் விலையைச் சொல்லவில்லை. "தம்பி, கிரிப் சுத்தமா இருக்குதா?" என்று திருப்பிக் கேட்டார். இளைஞர் தலை குனிந்துகொண்டார். முன்னர் ஓட்டிய முச்சக்கர வண்டிக்குச் சில தவணைகள் பிந்திப்போயினவாம். தாயார் கையிலிருந்த பையை மடியில் இறுகப் பிடித்துக்கொண்டு, இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிரிப் என்பது இலங்கைக் கடன் தகவல் பணியகத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட பணியகம் அது. யார் எங்கே கடன்பட்டார், தவணையை ஒழுங்காகக் கட்டினாரா என்ற வரலாறு அங்கே பதிவாகிறது. கடன் கொடுக்கும் நிறுவனம் அதைப் பார்த்துவிட்டே பேச்சைத் தொடங்கும். இது ஏதோ புதுயுகத்து ஏற்பாடு என்று நாம் எண்ணிவிடலாம். ஆனால் கடனை எழுதிய தாள் ஒன்று, மனிதனுக்கு முன்னே நடந்து சென்று அவன் தகுதியைத் தீர்மானிப்பது இம்மலைகளுக்குப் புதிதன்று. நூறு ஆண்டுகளுக்கு முன் அந்தத் தாளுக்குத் துண்டு என்று பெயர்.

அக்கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழகத்து ஊர்களிலிருந்து தொழிலாளரைத் திரட்டி வந்தவர் கங்காணி. பஞ்சத்திலும் பழைய கடனிலும் உழன்றவனுக்கு ஊர்க் கடனைத் தீர்க்கவும், வழிச் செலவுக்கும், கம்பளிக்கும், சோற்றுக்கும் அவர் முன்பணம் கொடுத்தார். அந்தப் பணம் பெரும்பாலும் அவர் கைப்பணமன்று. தோட்டத்துத் துரை கொடுத்தது. ஆகவே தொழிலாளி சில்லறைக் கங்காணிக்குக் கடனாளி. சில்லறைக் கங்காணி பெரிய கங்காணிக்குக் கடனாளி. பெரிய கங்காணி தோட்டத்துக்குக் கடனாளி. துரையோ கொழும்பிலுள்ள முகவர் நிறுவனத்துக்கும் வங்கிக்கும் கடனாளி. மலையின் அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஒருவர் தோளில் ஒருவராகக் கடன் ஏறி நின்றது. பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது எழுந்து நின்ற தொழிலாளிக்குத் தன் கணக்கில் எவ்வளவு நிற்கிறது என்பது தெரியாது. அரிசிக்குக் கழித்தது போக, செக்றோலில் மிஞ்சியது என்ன என்று எழுதியவருக்குத்தான் தெரியும்.

இனி, ஒரு கங்காணி தம் ஆட்களுடன் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது துரை ஒரு சிறு தாளில் எழுதிக் கொடுப்பார். இன்ன கங்காணி, இத்தனை ஆட்கள், இவர்கள் பெயரில் இவ்வளவு ரூபாய் கடன். அத்தொகையைச் செலுத்துவோருக்கு இவர்களை விடுவிக்கச் சம்மதம். இதுவே துண்டு. கங்காணி அத்தாளை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். ஆள் தேவைப்பட்ட துரை பணத்தைக் கட்டுவார், கடன் அவர் புத்தகத்துக்கு மாறும், ஆட்களும் மாறுவர். ரப்பர் பயிர் பெருகிய 1900களில் ஆட்களுக்குப் போட்டி மிகுந்தது. துண்டில் கண்ட தொகைக்கு மேலும் கங்காணிக்குக் கொடுக்கத் துரைமார் முன்வந்தனர். அந்த மேலதிகமும் கடைசியில் தொழிலாளியின் பெயரிலேயே ஏறியது. அவன் ஒரு சதமும் கையில் வாங்காமலே, தோட்டம் மாறும் ஒவ்வொரு தடவையும் அவன் கடன் வளர்ந்தது. கடனுக்கு ஈடாக நிலமும் இல்லை, நகையும் இல்லை, அவனே ஈடு.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919 இல் தொழிலாளர் நலன் பேணும் சங்கமொன்றை நிறுவி, ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைச் சிறையிலடைக்கும் கொடுமைக்கு எதிராகக் குரல் எழுப்பினார். இந்திய அரசின் நெருக்குதலும் சேர்ந்தது. 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தால் சிறைத் தண்டனையும் போயிற்று, துண்டு முறையும் ஒழிந்தது. பிற்காலத்தில் தோட்டத்தை விட்டு நீங்குபவனுக்குக் கொடுத்த தாளைப் பற்றுச்சீட்டு என்றனர். ஒருவனை வேலையிலிருந்து விலக்குவதையே பற்றுச்சீட்டுக் கொடுப்பது என்று மலையக மக்கள் சொல்வது அதனால்தான்.

கடன்பட்டுக் கெட்டவர் தொழிலாளர் மட்டுமல்லர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கோப்பிச் செடியை அழித்த இலைநோய் 1869 இல் முதன்முதலாகக் காணப்பட்டது இந்த ஊவாவின் மடுல்சீமையிலேதான். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. அவற்றை ஈடாகப் பிடித்துத் தாராளமாகக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதத்தில் கதவடைத்தது. அவ்வங்கி வெளியிட்ட நோட்டுகளை வைத்திருந்தவர்கள் திகைத்து நின்றனர். தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அரசாங்கத்தின் பெயரால் அந்நோட்டுகளுக்கு உத்தரவாதம் அளித்த பிறகே கலக்கம் தணிந்தது. ஓடிப்போன துரைமாரும் இருந்தனர். கடனைக் கட்டாத துரையைத் தேடித் துண்டு ஒன்றும் தோட்டம் தோட்டமாக அலையவில்லை என்பது வேறு கதை. கோர்டன் 1886 இல் ஊவாவைத் தனி மாகாணமாக்கினார். தேயிலை வந்தது. 1890 இல் லிப்டன் அப்புத்தளைப் பக்கத்தில் தம்பேத்தன்ன தோட்டத்தை வாங்கினார். 1924 இல் புகையிரதம் பதுளையை அடைந்தது.

மோட்டார் வண்டி இலங்கைக்கு வந்தது 1902 இல். மலைத் தோட்டங்களில் அது நெடுங்காலம் துரைமாரின் வண்டி. பிறகு டாக்டர், பெரிய கங்காணி, நகரத்து வணிகர் என்று இறங்கிவந்தது. லயத்தில் வாழ்ந்தவருக்கு அது ஓரமாக ஒதுங்கி நின்று வழிவிடும் பொருளாகவே இருந்தது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதனால் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. மொரிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய பழைய ஆங்கிலக் கார்கள் சாகாவரம் பெற்றன. உடைந்த உதிரிப்பாகத்தைப் பட்டறையில் கடைந்தெடுத்து மாட்டினார்கள். பழைய வண்டி என்பது இந்நாட்டில் இழிவன்று, ஒரு சொத்து என்ற எண்ணம் அந்த ஆண்டுகளில்தான் வேரூன்றியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. 1977 இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பின்னரும் அவ்வெண்ணம் மாறவில்லை.

இதே காலத்தில் தோட்டத்துத் தமிழரின் நிலை யாது? 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964 ஒப்பந்தத்தின்படி பலர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியவரின் வழக்கு முற்றாகத் தீர 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை செல்ல வேண்டியிருந்தது. குடியிருந்த லயம் தோட்டத்துக்குரியது. காலடி மண்ணும் தோட்டத்துக்குரியது. வங்கி கேட்கும் உறுதிப்பத்திரம் அவர்களிடம் எப்படி இருக்கும்? நகை அடகும், சீட்டும், கடைப் பற்றுமே அவர்களுக்குத் தெரிந்த வங்கிகள்.

அந்த மதிலில் ஒரு வாசல் திறந்தது தவணை முறையினால். 1982 ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டமும் 2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டமும் இதற்கு ஒழுங்கு வகுத்தன. இதனை மக்கள் லீசிங் என்பர். இதன் சூட்சுமம் மிக எளிது. வண்டியை நிறுவனம் வாங்குகிறது, நீங்கள் ஓட்டுகிறீர்கள். கடைசித் தவணை கட்டும் வரை பதிவுச் சான்றிதழில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயரே நிற்கும். ஆகவே காணி இல்லாதவனுக்கும் கடன் கொடுக்கலாம். தவறினால் வண்டியைப் பிடித்துக்கொள்ளலாம். மனிதனையே ஈடு பிடித்த துண்டு எங்கே, இரும்பை ஈடு பிடிக்கும் தவணை எங்கே! வேறுபாடு பெரிதுதான். மறுப்பவன் அல்லேன். பசறையிலும் லுணுகலையிலும் நமுனுகுலையிலும் எத்தனையோ இளைஞர் இவ்வாசல் வழியாகத்தான் கொழுந்துக் கூடையை விட்டு வெளியேறினர்.

ஆயினும் முற்பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். 1958 இல் ஊழியர் சேமலாப நிதி ஏற்படுத்தப்பட்டது. முப்பது, நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த தாய் ஓய்வு பெறும்போது கையில் கிடைக்கும் பெருந்தொகை அது. பல வீடுகளில் அப்பணம் மகனின் வண்டிக்கு முற்பணமாகிறது. நான் கண்ட தாயாரின் பையில் இருந்ததும் அதுவே என்று பிறகு அறிந்தேன்.

கணக்கை ஒரு முறை போட்டுப் பார்ப்போம். மூன்று இலட்சம் ரூபாய் கடன், ஆண்டுக்கு 15 வீத வட்டி, நான்கு ஆண்டு என்று வாயால் சொல்வார்கள். முழுத் தொகைக்கும் நான்கு ஆண்டு வட்டி கணக்கிட்டால் ஒரு இலட்சத்து எண்பதாயிரம், ஆக நாலு இலட்சத்து எண்பதாயிரம், மாதம் பத்தாயிரம். ஆனால் மாதா மாதம் முதல் குறைந்துகொண்டே வருகிறதல்லவா? குறைந்த முதலுக்குக் கணக்கிட்டால் நீங்கள் உண்மையில் கொடுப்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 25 வீதம். கையெழுத்திடுமுன் வட்டி எவ்வகையில் கணக்கிடப்படுகிறது என்று கேட்பது உங்கள் உரிமை. 2021 இல் பெரும் போராட்டத்துக்குப் பின் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி ஆயிரம் ரூபாயாயிற்று என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தக் கூலியில் மாதத்திற் பத்து நாள் உழைப்பு ஒரு தவணைக்கே போயிற்று.

பின்னர் வந்தது இன்னொரு சோதனை. 2017 இல் புதிய முச்சக்கர வண்டிக்கு விலையில் 25 வீதத்துக்கு மேல் கடன் வழங்கலாகாது என மத்திய வங்கி வரையறுத்தது. கையில் காசில்லாதவர் பழைய வண்டியை நாடினர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய கார் வாங்கிய விலையை விடக் கூடுதலாக விற்றது. 2022 நெருக்கடியில் எரிபொருளுக்கு வரிசையில் நின்றவர் ஓட்டம் இழந்தார்; ஓட்டம் இழந்தவர் தவணை இழந்தார். இன்று கிரிப் அறிக்கையில் கறை படிந்து நிற்கும் பெயர்களிற் பல அந்த வரிசைகளில் நின்ற பெயர்கள்.

அத்தகையவர் செய்யும் பெருந்தவறு ஒன்றுண்டு. மைத்துனன் பெயரிலோ அயல் வீட்டார் பெயரிலோ கடனெடுத்து வண்டியை ஓட்டுவது. தவணை தவறினால் இரண்டு குடும்பங்களின் பெயர் கெடுகிறது. பிணை வைத்தவரின் பெயரும் பதிவேட்டில் ஏறும். இன்னொன்று, கையெழுத்து மட்டும் இட்ட வெற்றுப் படிவத்தோடு கைமாறும் வண்டிகள். ஓப்பன் பேப்பர் என்பார்கள். பதிவு ஒருவர் பெயரில், வண்டி வேறொருவர் கையில், பழைய கடன் மூன்றாமவர் கணக்கில். அதை வாங்கியவர் ஒரு நாட்காலை எழுந்து பார்க்கும்போது வண்டி வாசலில் இராது.

நான் அந்த இளைஞருக்குச் சொன்னது கொஞ்சந்தான். தம் கடன் அறிக்கையைத் தாமே பணியகத்திடம் கேட்டுப் பெறலாம். தீர்த்த கடன் தீராததாய் நிற்கிறதா என்று முதலிற் பார்க்க வேண்டும். பாக்கி நின்றால் பழைய நிறுவனத்தோடு பேசி அதைத் தீர்த்து, தீர்த்ததற்குக் கடிதம் வாங்க வேண்டும். தாயாரின் பணம் முழுவதையும் முற்பணமாகக் கொட்டாமல், அதற்குள் அடங்கும் பழைய வண்டி ஒன்றைக் கடனின்றி வாங்க முடியுமா என்று யோசிக்கலாம். வாங்கும் வண்டியை அதிகாலையில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது முடுக்கிப் பார்க்க வேண்டும். பதுளையின் சமதரையில் ஓட்டிப் பார்த்துத் திருப்தியடையக் கூடாது. பசறை ஏற்றத்தில் நான்கு பேரை ஏற்றிச் செல்ல வேண்டும், நடு ஏற்றத்தில் நிறுத்திக் கைத்தடையை இழுத்துப் பார்க்க வேண்டும், இறங்கும்போது கியரில் பிடிக்கிறதா என்று கவனிக்க வேண்டும். அடிச்சட்டத்தில் வெட்டிய இலக்கமும் புத்தகத்தில் எழுதிய இலக்கமும் ஒன்றாயிருக்க வேண்டும்.

தாயார் அதுவரை ஒன்றும் பேசாதவர், அப்போது கேட்டார்: "ஐயா, காசு எல்லாம் கட்டி முடிச்சா புத்தகத்திலே எங்க பேரு தானா வந்திருமா?" தானாக வராது. கடன் தீர்ந்ததும் நிறுவனம் ஒரு விடுவிப்புக் கடிதம் கொடுக்கும். அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கையளித்து, முழு உரிமையாளர் என்ற இடத்திலுள்ள பெயரை நீக்குவிக்க வேண்டும். பலர் அக்கடிதத்தைப் பெட்டிக்குள் வைத்து மறந்துவிடுகிறார்கள். ஆண்டுகள் கழித்து வண்டியை விற்கப் போகும்போதுதான் இன்னும் அது தமதல்ல என்று காண்கிறார்கள். இதைச் சொன்னேன். அந்த அம்மையார் மகனிடம் அதை இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.